வயரைக் கழற்றிய பின்னும் பேசியவர்கள்

இடி கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் முதலில் ஓடுவது தொலைக்காட்சிக்குப் பின்னால்தான். கூரையில் இருக்கும் டிஷ்ஷிலிருந்து வருகிற வயரைக் கழற்றி, அதன் நுனி எதிலும் முட்டாதபடி சன்னலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கொடியில் காயும் உடுப்பை எடுப்பது அதற்குப் பிறகு. மின்னல் அந்த வயர் வழியாக வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம் படித்தவர்களுக்கும் உண்டு, படிக்காதவர்களுக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். டிஷ் பூட்டும் வேலைக்குப் போன காலத்தில், மின்னல் இறங்கிய ஒரு வீட்டைப் புத்தூரில் பார்த்தேன். சுவரில் வயர் ஓடிய இடமெல்லாம் கரிக்கோடு. மேசையில் தொலைக்காட்சி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் உருகிக் கட்டியாகக் கிடந்தது. அந்த வீட்டுப் பெண் அதைக் கையால் தொட மறுத்து, தும்புத்தடியால் தள்ளிக் காட்டினார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன்பின் தோட்டங்களில் வெங்காயம் கிண்டினேன். ஒரு பேக்கரியில் வேலை செய்து மாமூட்டைகளின் மேல் படுத்தெழும்பினேன். கொழும்பில் கோப்பை கழுவினேன், லொறியில் ஏறி மன்னார், வவுனியா என்று திரிந்தேன். எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு நாள் விடியும்போது அந்த இடம் பிடிக்காமல் போய்விடும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கடைசியாக நெல்லியடியில் ஒருவரோடு சேர்ந்து கூரை கூரையாக ஏறி டிஷ் பூட்டினேன். அதையும் விட்டுவிட்டுக் குருநகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்தபோது என் பையில் இரண்டு சாரம், ஒரு ஸ்பானர், ஒரு பழைய ரிசீவர் பெட்டி. புதுப் பெட்டி வாங்கிய ஒருவர் இதைக் குப்பையில் போடச் சொல்லித் தந்திருந்தார். நான் போடவில்லை.

அந்தப் பெட்டி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்கும். பின்பக்கத்தில் ஒரு பென் ட்ரைவைச் செருகிவிட்டால் போதும். நாம் வீட்டில் இல்லாவிட்டாலும் சொல்லிவைத்த நேரத்துக்குத் தானாக எழும்பி, ஒரு சிறு சிவப்பு லைட்டை எரியவிட்டுக்கொண்டு, பதிந்து முடித்துவிட்டுப் படுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தி வைக்கவும் முடியும்.

அக்காவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பொழுதுபட்டுச் செபமாலை சொல்லும் நேரமும் அவள் பார்க்கிற நாடகமும் ஒன்றையொன்று மிதிப்பதால், முதல் நாள் நான் நாடகத்தை நிறுத்திக் காட்டினேன். திரையில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றாள். அக்கா செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வாயையே பார்த்தாள்.

"உப்பிடி ஆளை நிப்பாட்டி வைக்கலாமோ? பாவமடா."

"அவ அங்கை நடிச்சு முடிச்சு வீட்டை போயிட்டா அக்கா. உது படம்."

"எண்டாலும் வாயையாவது மூடவிட்டு நிப்பாட்டியிருக்கலாம்."

ஆனால் ஒரு கிழமை போகவில்லை, ரிமோட் அவள் இடுப்பில் ஏறிவிட்டது. கடவுளுக்கும் குறை வைக்காமல் நாடகத்துக்கும் குறை வைக்காமல் வாழ முடியும் என்று அவள் வாழ்க்கையில் அதுவரை யாரும் காட்டித் தந்திருக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். அக்காவின் மகள் கலியாணம் கட்டி மன்னாருக்குப் போய்விட்டாள். அத்தான் நண்டு வலைக்காரர். சிறிய பைபர் படகு, பழைய எஞ்சின், பூநகரிப் பக்கமாகக் களப்புக் கடலுக்குள் போய் வலையைப் போட்டுவிட்டு அடுத்த நாள் போய் எடுப்பார். பெரும்பாலும் தனியேதான் போவார். அவருக்குத் தொலைக்காட்சியில் வேண்டியது ஒன்றே ஒன்று, செய்தியின் கடைசியில் வரும் காலநிலை. கைபேசியில் வருகிற எச்சரிக்கைகளை அவர் நம்புவதில்லை. ஒரு முறை யாரோ எங்கேயோ எடுத்த சூறாவளிப் படத்தை அனுப்பிவிட, கரையில் எல்லாரும் படகுகளை மேலே இழுத்துக் கட்டிவிட்டு நல்ல வெயிலில் குந்தியிருந்தார்கள்.

"உவங்கள் போனுக்குள்ளை கடலைக் கலக்குறவங்கள். ரீவிக்காரன் அப்பிடியே? கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிண்டு பொய் சொல்லுவானே?" என்பார்.

கோட்டுப் போட்டவர் மேலிருந்த அந்த நம்பிக்கையும் என் பெட்டியும் ஒரே வீட்டில் இருப்பது சரியில்லை என்று எனக்கு ஒரு முறை தோன்றியது. ஒரு கிரிக்கெட் போட்டியைப் பதிந்து வைத்திருந்தேன். அத்தான் கடலால் வந்து, குளித்து, திரைக்கு முன்னால் இருந்தார். கடைசி ஓவர்களில் கதிரை நுனிக்கு வந்து, கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு நேர்த்தி வைத்தார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரன் சிரித்தான்.

"அண்ணை, ஆருக்கு நேருறியள்? உவங்கள் முந்தநாள் தோத்துப்போய் பிளேனும் ஏறிட்டாங்கள்."

அத்தானும் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் முடிந்துபோன ஒன்றுக்காக ஒரு மனிதர் உண்மையாகப் பயந்துகொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெட்டி எதையும் ஒளிக்கவில்லை. பதிந்ததை ஓடவிட்டால் திரையின் மூலையில் ஒரு சிறு அடையாளம் வரும். நாலைந்து கணத்தில் அது மறைந்துவிடும். அதற்குப் பிறகு நேற்றும் இன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

ஒக்டோபர் செபமாலை மாதம். எங்கள் பக்கத்தில் அந்த மாதம் மாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கி, அடுத்த நாள் மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த வீட்டுக்குக் கிளம்பும். மாதா தங்கும் நாளில் அந்த வீட்டு ஆண்கள் தொழிலுக்குப் போகமாட்டார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்க வீட்டுக்காரன் எழும்பிக் கடலுக்குப் போவானா?

எங்கள் வீட்டுக்கு முறை வந்தது. முதல் நாள் போட்ட வலைகள் களப்புக்குள் கிடந்தன. அவற்றை எடுக்க முடியாதே என்று அத்தான் முணுமுணுத்தார். நண்டு வலையில் அகப்பட்டு அதிக நேரம் கிடந்தால் ஒன்றையொன்று தின்னும், செத்தது நாறும், வலையையும் வெட்டி நாசம் பண்ணும். ஆனாலும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

முன் அறையில் சுரூபத்தை வைக்கத் தக்க உயரமும் பலமும் உள்ள மேசை ஒன்றுதான். அது தொலைக்காட்சி மேசை. தொலைக்காட்சியைப் பின்னால் தள்ளி, வெள்ளைச் சேலையால் மூடி, அதற்கு முன்னால் மாதாவை வைப்பதென்று முடிவானது. சேலையை மடிப்புக் கலையாமல் இழுத்துவிட்டபடி அக்கா என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"தம்பி, மாதாவுக்குப் பின்னாலை உது பதியுமோ?"

"பதியும்."

"சத்தம் வராதோ?"

"வராது. ரீவியை நிப்பாட்டி வைச்சாலும் பெட்டி தன்ரை பாட்டிலை பதியும்."

"அந்தச் சிவப்பு லைட்?"

நான் பூமாலை ஒன்றின் நுனியை இழுத்து லைட்டை மறைத்தேன். அக்கா சுரூபத்தை நிமிர்ந்து பார்த்து நெற்றியில் சிலுவை போட்டாள்.

"மாதா மன்னிப்பா. அவவும் ஒரு பொம்பிளைதானே."

பொழுதுபடத் தொடங்கும் நாடகத்திலிருந்து, அதற்குப் பின் வரும் செய்தி, அதற்கும் பின் வரும் விவாத நிகழ்ச்சி வரைக்கும் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். வீடு நிறைய ஆட்கள் வந்து செபமாலை சொன்னார்கள். மெழுகுதிரிப் புகைக்குள், பூவுக்குப் பின்னால், பெட்டி தன் வேலையைச் செய்தது.

அடுத்த நாள் மத்தியானம் கழிந்து சுரூபம் கிளம்பியது. காற்று ஒரு சொட்டும் இல்லை. வெள்ளைச் சட்டைகள் எல்லாருக்கும் முதுகோடு ஒட்டியிருந்தன. அத்தான் சுரூபத்தை ஒழுங்கை முனை வரைக்கும் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி எறிந்து கட்டிலில் விழுந்தார். முதல் நாள் இரவு முழுக்க ஆட்கள் வந்துபோனதில் அவருக்கு நித்திரை இல்லை. நான் சுரூபத்தோடு அடுத்த வீடு வரைக்கும் போய்வந்து, செபத்துக்கு வருகிறவர்கள் இருக்கவென்று கோயிலில் இருந்து எடுத்த வாங்குகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றித் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

கோயிலுக்குக் கிட்ட, மீனவர் சங்கத்தின் ஓட்டோ ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. பின்னேரம் பலத்த காற்றும் இடிமழையும் வரும், யாரும் படகு எடுக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனது. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். வானம் வெளுப்பாக, ஒன்றும் இல்லாமல் இருந்தது. அத்தான் கட்டிலில் குறட்டை விட்டதை என் காதால் கேட்டுவிட்டு வந்திருந்தேன். அதனால் மனதில் ஒன்றும் ஓடவில்லை. ஆறுதலாக வாங்குகளை இறக்கி அடுக்கினேன். யாரோ தேத்தண்ணி தந்தார்கள், குடித்தேன். கதைத்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது முன் அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. விவாத நிகழ்ச்சியில் நாலு பேர் ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்டிலைப் பார்த்தேன். வெறும் பாய்.

அக்கா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அத்தான் எங்கை?"

"வலை எடுக்கப் போயிட்டார்."

"எப்ப போனவர்?"

"எழும்பின கையோடை. நீ வர இவ்வளவு நேரமே? ஆரோடை அலட்டிக்கொண்டு நிண்டனி?"

"அக்கா, சங்கத்துக்காரன் கடலுக்குப் போக வேண்டாமெண்டெல்லோ சொல்லிக்கொண்டு போறான்."

அவள் திருவலையில் இருந்து எழும்பாமலே சொன்னாள். "உவங்களுக்கு வேறை வேலையில்லை. ரீவியிலை ஒண்டும் இல்லையாமே. இவர் எழும்பி வந்து பாத்தவர், என்னட்டையும் கேட்டவர். காத்து மெதுவாத்தானாம், போகலாமாம் எண்டு நானும் சொன்னனான். ரீவிக்காரன் இப்பதானே சொல்லிப்போட்டுப் போனவன்."

அந்த நேரம்தான் முதல் இடி கேட்டது. தூரத்தில், நாவற்குழிப் பக்கமாக, பெரிய பாறையை யாரோ புரட்டியது போல. என் கால்கள் தாமாக ஓடின. மேசைக்குப் பின்னால் கையை விட்டு, வயரைத் திருகிக் கழற்றி, சன்னலால் வெளியே எறிந்தேன்.

எறிந்துவிட்டுத் திரும்பினால், அந்த நாலு பேரும் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வேளை வேறு வயரைக் கழற்றிவிட்டேனோ என்று சன்னலைப் பார்த்தேன். சரியான வயர்தான், வெளியே ஆடிக்கொண்டிருந்தது. கூரைக்கும் பெட்டிக்கும் இப்போது எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் ஒருவர் விரலை நீட்டி மற்றவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். மற்றவர் சிரித்தார். பூமாலையில் இருந்து உதிர்ந்த ஒரு செவ்வந்தி இதழ் பெட்டியின் மேல் கிடந்தது.

அக்கா குசினி வாசலில் நின்றாள். கையெல்லாம் தேங்காய்ப்பூ. வயர் கழற்றினால் படம் நிற்கும் என்பது அவளுக்கு என்னைப் போலவே தெரியும். சன்னலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பவும் சன்னலைப் பார்த்தாள்.

"உது நேற்றையானோ?"

நான் கைபேசியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினேன்.

"நாடகத்தைப் போட்டனான் தம்பி. நாடகம் நேற்றையான் எண்டு தெரியும். அது முடிஞ்ச உடனை செய்தி வந்தது. எப்பவும் வாறதுதானே." அவள் குரல் எங்கேயோ கீழே போய்விட்டது. "நான் காத்தில்லை எண்டு சொல்லிப்போட்டனே. அவர் கேட்டவரடா. நான்தான் சொன்னனான்."

நான் கைபேசியை எடுத்து அத்தானுக்கு அடித்தேன். அவர் தன்னுடையதை ஷொப்பிங் பையில் சுற்றி, எஞ்சின் பெட்டிக்குக் கீழே வைத்திருப்பார். ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் ஒன்றன் பின் ஒன்றாக, இணைப்பை ஏற்படுத்த முடியாது என்று சொன்னது. திரும்ப அடித்தேன். மூன்று மொழியும் திரும்ப வந்தன.

நான் கரைக்கு ஓட வெளிக்கிட்டபோது அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"தம்பி, உதை ஆரிட்டையும் சொல்லிப்போடாதை."

அவள் பிடித்த இடத்தில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

இறங்குதுறையில் ஏழெட்டுப் பேர் படகுகளை இழுத்து ஒன்றோடொன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கில் வானம் ஈயத்தகடு மாதிரி இருண்டு தாழ்ந்திருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் இன்னும் அசையாமல், வெள்ளையாகப் பளபளத்தது. நான் கேட்பதற்கு முன்பே, எண்ணெய்க் கலன் ஒன்றின் மேல் குந்தியிருந்த ஒரு வயதானவர் பகிடி விட்டார்.

"உன்ரை அத்தானுக்கு ரீவிக்காரர் தனியா ஒரு கடல் செய்து குடுத்திருக்கினம் போலை. அங்கைதான் போயிட்டார்."

இரண்டு பேர் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கவில்லை. அவன் கயிற்றை விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"நான் மறிச்சனான். 'அண்ணை, சங்கத்தாலை வேண்டாமெண்டு சொல்லுறாங்கள்' எண்டு. 'போடா, நான் இப்ப, இந்தக் கண்ணாலை பாத்திட்டு வாறன், உன்ரை சங்கத்துக்குத் தெரியுமோ ரீவிக்குத் தெரியுமோ' எண்டு கேட்டார். அவ்வளவு நிச்சயமாச் சொல்லேக்கை நான் என்னத்தைச் சொல்ல? எனக்கே ஐமிச்சமாப் போட்டுது, நானும் போவமோ எண்டு."

"எந்த ரீவிக்காரன் உப்பிடிச் சொன்னவன்?" என்றார் வயதானவர். "எங்கடை வீட்டு ரீவியிலை காலமை தொடக்கம் போகாதை போகாதை எண்டு கத்துறான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடலைப் பார்த்தேன். எனக்குப் பதில் தெரியும். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இந்தக் கரையில் ஒரு சொல் விழுந்தால் அது பிறகு எழும்பிப் போகாது. அத்தான் வராவிட்டால், 'பெண்சாதிதான் காத்தில்லையெண்டு சொல்லி அனுப்பினவள்' என்பது அக்காவின் பெயராகவே ஆகிவிடும். செத்த வீட்டிலும் அதைச் சொல்வார்கள், முப்பத்தோராம் நாளிலும் சொல்வார்கள், மகளுக்குப் பிள்ளை பிறந்தாலும் சொல்வார்கள். அதனால் எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது போலத் தோளைக் குலுக்கினேன்.

பிறகு காற்று வந்தது. முதலில் அது தண்ணீரின் மேல் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அந்தக் கோடு எங்களை நோக்கி ஓடி வந்தது. கட்டியிருந்த படகுகள் ஒன்றையொன்று இடித்தன. யாருடைய வீட்டுத் தகரமோ எழும்பி ஒழுங்கைக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அதோடு மழையும் விழ, முன்னால் நின்ற மண்டைதீவு மறைந்தது, அடுத்ததாக இறங்குதுறையின் நுனியே மறைந்தது. பகிடி விட்டவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

களப்பில் ஆழம் இல்லை என்று வெளியார் நினைப்பார்கள். பல இடங்களில் நின்றால் கழுத்தளவுதான். ஆனால் ஆழமில்லாத தண்ணீரைக் காற்று பிடித்தால் அலை நீளமாக எழும்பாது. குட்டையாக, நெருக்கமாக, மூச்சு விட இடம் தராமல் அடிக்கும். சிறு படகு ஒரு அலையில் ஏறி முடிப்பதற்குள் அடுத்த அலை உள்ளே வந்துவிடும். வலை எடுக்கிற நேரமென்றால் மனிதன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பான், படகும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். இதையெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லாரும் அதையே நினைத்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு பேர் ஒரு பெரிய படகை எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க ஆயத்தமானார்கள். தள்ளிய படகைக் காற்று குறுக்கே திருப்பிக் கரையிலேயே போட்டது. காற்று அடங்கட்டும் என்றார்கள். நானும் ஏறுவதாகச் சொன்னேன். "நீ டிஷ்ஷிலை ஏறுறனி, கடலிலை வேண்டாம்" என்றான் பக்கத்து வீட்டுக்காரன். கிண்டலாகச் சொல்லவில்லை.

அக்கா வந்து நின்றதை நான் காணவில்லை. திரும்பியபோது மீன் கொட்டிலுக்கு வெளியே, குடையில்லாமல் நின்றாள். பெண்கள் இரண்டு பேர் அவளை உள்ளே இழுத்தார்கள். அவள் அசையவில்லை. அழவும் இல்லை. அழாததுதான் எனக்கு இன்னும் பயத்தைத் தந்தது. ஒருத்தி அவள் தலையைச் சேலைத்தலைப்பால் மூடிவிட்டுச் சொன்னாள்.

"பயப்பிடாதை அக்கா. மாதா வந்து தங்கிப் போன வீடு. இண்டைக்குத்தானே போனவ. ஒண்டும் நடக்க விடமாட்டா."

அக்காவின் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. குளிரென்று நினைத்து அந்தப் பெண் இன்னும் இறுக்கிப் போர்த்தினாள். எனக்குத் தெரியும் அது குளிர் இல்லை என்று. மாதாவுக்குப் பின்னால் களவாக எரிந்த அந்தச் சிவப்பு லைட்டைத்தான் அவள் நினைத்திருப்பாள். நானும் அதைத்தான் நினைத்தேன். நான் அவ்வளவு செபம் சொல்கிறவன் இல்லை. ஆனாலும் அந்த மழைக்குள் நின்று, அந்த லைட்டுக்கும் இந்தக் காற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அது சம்பந்தமாகவே பட்டது.

மழை எவ்வளவு நேரம் பெய்ததென்று சொல்ல முடியாது. முதலில் தீவு திரும்பி வந்தது, பிறகு வானத்தின் மேற்கு ஓரம் கொஞ்சம் மஞ்சளாகியது. காற்று இன்னும் அடித்தது, ஆனால் கடிக்கவில்லை. பெரிய படகை மறுபடி தண்ணீருக்குள் தள்ளினார்கள். எஞ்சின் எடுக்கும் சத்தத்துக்காகக் காத்து நின்றபோது, எண்ணெய்க் கலன்காரர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்தார்.

"பொறு. உது என்ன?"

ஒரு படகு வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. ஒருவர் நின்றபடி கம்பை ஊன்றி ஊன்றித் தள்ளினார். ஒவ்வொரு ஊன்றலுக்கும் நின்று மூச்சு வாங்கினார். நெடு நேரம் அது யாரென்று தெரியவில்லை. யார் என்று சொல்ல எல்லாருக்கும் பயமாக இருந்தது போல. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரன்தான் கத்தினான்.

"அண்ணையடா! அண்ணைதான்!"

ஆண்கள் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் படகை இழுத்து வந்தார்கள். அத்தானின் உதடு நீலமாக இருந்தது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. காற்று பிடித்தபோது வலையில் பாதியை வெட்டி விட்டுவிட்டு, கடலட்டை வளர்க்கும் பண்ணைக்காரர்கள் காவலுக்குத் தண்ணீருக்குள் கட்டியிருக்கும் கொட்டிலின் தூணில் படகைக் கட்டி, அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்றாராம். படகுக்குள் தண்ணீர் ஏற ஏற ஒரு கையால் இறைத்தாராம். எஞ்சின் தண்ணீர் குடித்துவிட்டது.

யாரோ துவாயால் போர்த்தினார்கள். யாரோ பீடி பற்றவைத்து வாயில் வைத்தார்கள். அவருக்குக் கதைக்கத் தெம்பு வந்த உடனேயே ஏசத் தொடங்கினார்.

"அந்தக் கோட்டுப் போட்டவன் மட்டும் என்ரை கையிலை கிடைக்கோணும். கடல் தட்டு மாதிரிக் கிடக்குதாம். போகட்டாம். நான் கண்ணாலை பாத்தனான். அவனைக் கொண்டுவந்து அந்தத் தூணிலை கட்டோணும்."

கரை முழுக்கச் சிரித்தது. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு.

"எந்த நாட்டுக் கடலைப் பாத்தனீங்களோ அண்ணை?"

"உவர் காலநிலை பாக்கேல்லை. நாடகம் பாத்திருக்கிறார்."

"இல்லையடா, எங்கடை கடலைத்தான் சொன்னவன். இவளும் கேட்டவள். கேளுங்கோவன்."

அவர் அக்காவைக் கையால் காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். அக்காவுக்கு அப்போது ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும். தொலைக்காட்சிக்காரர் பொய் சொன்னார் என்று முடிந்துவிடும். அத்தான் ஆயுள் முழுக்க அந்தக் கோட்டுக்காரரைத் திட்டிக்கொண்டு இருப்பார். நான் அவளைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டிக் காட்டினேன். ஆட்டிவிடு என்று.

"அது நேற்றையான்" என்றாள் அக்கா.

யாருக்கும் விளங்கவில்லை.

"பதிஞ்சு வைச்சது. நேற்று மாதா வீட்டிலை நிக்கேக்கை பதிஞ்சது. நான் நாடகத்துக்கெண்டு போட்டனான். செய்தியும் பின்னாலை வந்தது. இவர் கேட்டவர், நான்தான் காத்தில்லை எண்டு சொன்னனான். நான்தான் அனுப்பினனான்."

அவள் அத்தானைப் பார்த்துத்தான் சொன்னாள். மற்றவர்கள் அங்கே நிற்கவில்லை என்பது போல. சிரிப்பு நின்றுபோனது. அத்தானுக்குத் துவாய் போர்த்திவிட்டவன் குனிந்து, இல்லாத ஒரு கயிற்றைத் தேடினான். அத்தான் பீடியை வாயில் இருந்து எடுத்தார். அது அணைந்திருந்தது.

அவர் எழும்பி நடந்தார். அக்கா பின்னால் போனாள். நான் அவளுக்கும் பின்னால், நண்டு கொஞ்சம் கிடந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒழுங்கையில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மூன்று பேரும் அதற்குள் நடந்த சத்தம் மட்டும் கேட்டது. அத்தான் அடிக்கிற மனிதர் இல்லை. ஆனால் அவர் பேசாமல் விட்டால் கிழமைக் கணக்கில் பேசாமல் இருப்பார், அதை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய முதுகைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காற்றுக்குப் பயந்ததைவிட அந்த முதுகுக்கு அக்கா பயந்தாள் என்று நினைக்கிறேன்.

அவர் கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தார். முன் அறையில் மின்சாரம் இல்லை. அக்கா, மாதாவுக்கு எரித்து மிஞ்சிய ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி நிலத்தில் வைத்தாள். சோற்றையும் கறியையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பரிமாறாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் சாரத்தை மாற்றிக்கொண்டு வந்து பாயில் இருந்தார். தட்டைப் பார்த்தார். முழங்கைக் காயத்தை ஊதினார்.

"கிரிக்கெட் பாத்த அண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை" என்றார் தட்டைப் பார்த்தபடி. "நானும் பாத்தனான்தானே. நீ மட்டுமே பாத்தனி?"

அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"உதிலை நிண்டு என்னத்தைப் பாக்கிறாய்? சோத்தைப் போடு. பசிக்குது."

அவள் வந்து குந்தியிருந்து கரண்டியை எடுத்தாள். கரண்டி தட்டின் விளிம்பில் தட்டித் தட்டி ஒலித்தது, சோறு பாயில் சிந்தியது. அத்தான் தட்டைக் கையில் தூக்கி, அவளுடைய கைக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தார்.